ஏழாவது ஓடம்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவள் கணவனின் விளையாட்டு எல்லோருக்கும் திறக்கப்போகிறது. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்து வைத்த துணியைக் கலைத்து மறுபடி மடித்தாள். டீக்கு வைத்த தண்ணீர் சுண்டிப் போனது. மறுபடி வைத்தாள், அதுவும் சுண்டியது. தொண்டையில் ஒரு உண்மை மாட்டிக்கொண்டிருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, வெளியே சொல்லவும் முடியவில்லை.

விளையாட்டு என்றதும் ரொம்பப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு முன்னூறு பேர் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் சேர்ந்து ஆடக்கூடிய குட்டி உலகம், அவ்வளவுதான். வீரன், வைத்தியன், திருடன் என்று ஆளுக்கொரு வேடம். புதிதாக வருகிறவன் ஒரு தீவில் கண் விழிப்பான். ஓடம் ஏறி ஆற்றைக் கடந்தால்தான் காடும் கோட்டையும் சண்டையும். கணவன் 'கோடு' என்கிற கணினி நிரலை எழுத, அவளுடைய தம்பி படம் வரைய, மூன்று வருடமாக வீட்டில் இதே பேச்சு. சாப்பாட்டு மேஜையைக் கணினி பிடித்துக்கொண்டதால் குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

நண்பர்களை வைத்து மாலை நேரங்களில் ஒத்திகை பார்த்தார்கள். வந்தவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. மரம் அந்தரத்தில் நிற்கிறது என்றார்கள், திருடன் சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொள்கிறான் என்றார்கள். வாய் நிறையப் பாராட்டியது, கணினியே பேசவைக்கும் ஓடக்காரரை மட்டும்தான். 'பெருசு' என்று செல்லப்பெயர் வேறு வைத்துவிட்டார்கள். "வாளை உறையில போட்டுட்டு ஏறுப்பா, பக்கத்துல ஆள் உக்காரணும்ல" என்று எரிந்து விழுவாராம். பல்வலி என்று ஒருவன் சும்மா எழுதப்போக, "எந்தப் பக்கம்? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளி" என்றாராம்.

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் எழுதிக் கொடுத்தது இருபது வசனம். அதை வைத்துக்கொண்டு ஓடக்காரர் எப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுகிறார் என்று அவன் யோசித்திருக்கலாம். ஆனால் பாராட்டு வீடு தேடி வரும்போது விலாசத்தைச் சரிபார்க்கிறவர் யார்?

பெருசு வேறு யாருமில்லை, இவள்தான்.

முதல் ஒத்திகையில் ஆரம்பித்த வினை இது. கண் விழித்துக் கண் விழித்து வேலை பார்த்த கணவன் அன்று மேஜையிலேயே சாய்ந்துவிட்டான். திரையில் ஓடம் கிளம்பியது, ஏறினவர்கள் கிளம்பவில்லை. ஓடம் இருக்குமிடத்தை, விளையாட்டை நடத்தும் சர்வர் கணினி ஒன்றாகக் கணக்குப் போட, அவரவர் கணினி வேறாகக் காட்டியது. ஓடம் காலியாக அக்கரை போய்ச் சேர, அத்தனை பேரும் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள்.

இவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வீங்கிய கன்னத்தோடு காத்திருப்பவர்களைச் சமாளிப்பதுதான் அவள் பிழைப்பு. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கணவன் எப்போதோ அவள் செல்போனில் போட்டுக் கொடுத்த நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாள். அதிலிருந்து விளையாட்டில் யார் பெயரிலும் பேசலாம், யாரையும் எங்கேயும் தூக்கி வைக்கலாம். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க" என்று ஓடக்காரர் பெயரில் எழுதினாள். மூடினார்களோ இல்லையோ, ஒவ்வொருவராக எடுத்து அக்கரையில் வைத்தாள்.

கணவன் விழித்தபோது 'ஓடக்காரர் அட்டகாசம்' என்று திரை நிரம்பியிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான். அந்த நேரம் பார்த்து குக்கர் விசிலடித்தது, அவள் அடுப்படிக்கு ஓடினாள். உண்மையைச் சொல்லும் நேரம் அதோடு போயிற்று.

அப்புறம் அவன் அந்தக் கோடைத் திறந்தே பார்க்கவில்லை. வேலை செய்கிற கோடில் கை வைக்காதே என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு. ஓடத்தில் ஏறியும் பார்க்கவில்லை. விளையாட்டைக் கட்டுகிறவனுக்கு எந்த இடத்துக்கும் நேரே குதிக்கக் குறுக்குவழி இருக்கிறது, அவன் எதற்கு ஆறு கடக்கப் போகிறான்? அடுத்து ஒத்திகை நடந்த மாலைகளிலெல்லாம் மருத்துவமனை மேஜைக்கடியில் செல்போனை ஒளித்து வைத்துக்கொண்டு இவள் ஓடம் விட்டாள்.

"இன்னைக்குக் கூட்டம் தாங்காது," என்றான் கணவன், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே. "ஒரு ஓடம் பத்தாது. ஆறா விட்டுடறேன். அதே கோடுதானே, காப்பி பண்ணா முடிஞ்சுது."

"மாமாவோட பெருசு இருக்கறப்ப நமக்கென்ன கவலை," என்றான் தம்பி.

ஒரு ஓடம் என்றால் ஒளித்து வைத்து விட்டுவிடலாம், ஆறை அவள் ஒருத்தி எப்படிச் சமாளிப்பாள்? சொல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு முதல் ஆற்றிலேயே முழுகும், முன்னூறு பேர் பார்த்துச் சிரிப்பார்கள். சொன்னாலோ, அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டையும் கட்டினவளே பிடுங்கின மாதிரி ஆகும்.

"ஆறெல்லாம் வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"பெருசு நான்தான்."

தம்பி சிரித்தான். கணவன் சிரிக்கவில்லை. அவள் செல்போனைத் திறந்து நீட்டினாள். அவன் விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தான். வாளை, பல்வலியை, வெந்நீரை.

"அப்ப என் ஓடம்?"

"அது ஒரு நாளும் ஆளோட போனதில்லங்க."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலை."

"உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு வாய் வரலை. தப்புதான்."

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு," என்றான் அவன். "அதுவும் நான் பண்ணது இல்ல."

தட்டை அப்படியே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அவள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். திறப்பைத் தள்ளி வைத்துவிடலாமா என்று கேட்டான் தம்பி. "மாமாவைக் கேளு," என்றாள். "நீயே கேளுக்கா," என்றான். பூனைக்கு மணி கட்ட இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

கணவன் தானாகவே இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீ ஓடத்தை எப்படி நகர்த்தினே?"

"நகர்த்தவே இல்ல. எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? கண்ணை மூடச் சொல்வேன், பேச்சுக் கொடுப்பேன், தூக்கி அந்தப் பக்கம் வச்சிருவேன்."

அவன் கணினியைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு உட்கார்ந்து, ஓடத்தை நகர்த்துவதற்காக மாதக்கணக்கில் எழுதியிருந்த கோடையெல்லாம் அழித்தான். அவளால் அதைப் பார்க்கவே முடியவில்லை. பெற்ற பிள்ளையை யாரோ பேர் சொல்லித் திட்டின மாதிரி மனசு வலித்தது. புதிய ஏற்பாடு சுருக்கமானது: ஏறினதும் திரை இருட்டாகும், துடுப்புச் சத்தம் கேட்கும், ஓடக்காரர் நாலு வார்த்தை பேசுவார், வெளிச்சம் வந்தால் அக்கரை.

"என்னென்ன பேசுவே, சொல்லு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் நடந்துகொண்டே சொல்ல, அவன் தட்டினான்.

நாலு மணிக்குத் திறந்தது. கும்பல் கும்பலாக ஏறினார்கள். ஆறு ஓடமும் போயின, ஆறு ஓடமும் திரும்பின, ஒருவன்கூட நனையவில்லை. தம்பி விசிலடித்தான். கணவன் முகம் மட்டும் இறுகியே இருந்தது. அப்போது பழைய ஒத்திகைக்காரன் ஒருவன் எழுதினான்: 'பெருசுக்கு உடம்பு சரியில்லையா? பரீட்சையில பாஸ் பண்ணிட்டேன்னு சொன்னேன். கண்ணை மூடிக்கோன்னுது.'

கணவன் அதை இரண்டு முறை படித்தான். ஏதோ வேகமாகத் தட்டினான். கரையோரம் இன்னொரு ஓடம் வந்து நின்றது.

"இது எதுக்கு மாமா?"

"இதுல கோடு கிடையாது," என்றான் கணவன். "பெருசை எழுத எனக்கு வரலை."

எனக்கு வரலை என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்த ஓடத்தில் ஆள் ஏறியதும் அவளுடைய செல்போன் துடித்தது. பரீட்சைக்காரன்தான் முதல் ஆள். 'பாஸா? சரி, இன்னைக்கு மட்டும் வாளை நீட்டிக்கிட்டே ஏறு' என்று எழுதி அக்கரையில் சேர்த்தாள்.

அடுத்து வந்தவன் கையில் வாள் இல்லை, உடம்பில் கவசம் இல்லை. விளையாட்டில் அப்போதுதான் பிறந்த ஆள்.

'அக்கரைக்குப் போகணும். நான் இந்த ஆத்தைக் கடந்ததே இல்ல.'

அவள் நிமிர்ந்தாள். கணவன் முதுகைக் காட்டியபடி மேஜையில் இருந்தான்.

'கட்டினவனுக்கே ஓடமா?' என்று எழுதினாள். பெருசு யாரையும் மரியாதை பார்த்துப் பேசுகிறவர் இல்லை.

'கோவமா இருக்கேன்.'

'கோவத்தோட ஏறலாம். கண்ணை மூடிக்கோ.'

மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் நிஜமாகவே கண்ணை மூடியிருந்தான். விரலால் ஒரு தொடு தொட்டால் அக்கரை. காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தவள், அப்போது மட்டும் அவசரப்படாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.