ஐந்து என்று சொன்ன வரிசை

புனிதவதி கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை விளக்குக்கு எலுமிச்சம்பழம் அரிந்துகொண்டிருந்தாள். தனுஜா கேட்டதும் கத்தி பாதிப் பழத்திலேயே நின்றுவிட்டது.

"ஒவ்வொரு வீடாப் போயி, தனித்தனியா வச்சுக் கேக்கச் சொன்னேனேக்கா. அப்படித்தானே கேட்டீங்க?"

"நம்பர் ஏதும் சரியில்லையா தங்கச்சி?"

"சரியில்ல."

தனுஜா மலேசியாவின் பத்தாங் காலி ஊர்க்காரி. அரசியல் அறிவியலில் முதுகலை ஆய்வு செய்கிறாள். தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் தரும் பொருளைத் தோட்டத்து மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே ஆய்வு. நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் இரண்டு வகை அட்டைகள் செய்திருந்தாள். ஒன்றில் நான்கு வரிகள். கோயில் கூட்டத்துக்குப் போனேன், தேர்தல் செய்தி படித்தேன் என்பது போலச் சாதாரண விஷயங்கள். மற்றதில் அதே நான்கோடு ஐந்தாவதாக ஒரு வரி: 'கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டு வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டேன்.' எந்த வரி தனக்குப் பொருந்தும் என்று யாரும் சொல்ல வேண்டாம். எத்தனை வரி பொருந்தும் என்ற எண் மட்டும் போதும். இரண்டு கூட்டத்தின் சராசரியையும் ஒப்பிட்டால், அந்த ஐந்தாவது காரியத்தைச் செய்தவர்கள் எவ்வளவு பேர் என்று தெரியும். இன்னார் செய்தார் என்று மட்டும் தெரியாது.

ஐந்து தோட்டங்களையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் தெளிவாக இருந்தது. இது வெறும் தற்செயலாய் வந்திருக்க நூற்றில் இரண்டு வாய்ப்புக்கூட இல்லை. பேராசிரியர் மகாதேவா மகிழ்ந்துபோனார். "திங்கட்கிழமை குடுத்திடும் பிள்ளை. இதுக்கு மேல யுனிவர்சிட்டியில அவகாசம் தரமாட்டாங்கள்" என்றார். உதவித்தொகையும் அத்தோடு முடிகிறது. இன்று காலையில்தான் தோட்டம் தோட்டமாகப் பிரித்துப் பார்த்தாள். நான்கு தோட்டங்களில் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சோங் காராங் வயல்களைத் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் ஒளிந்திருக்கும், புனிதவதி கேட்டு எழுதிய இந்த மூன்றாம் டிவிஷன் தோட்டத்தில் மட்டும் வித்தியாசம் மூன்றை நெருங்கியது. ஒரே ஒரு வரி கூடுதலாக உள்ள அட்டையில் அது ஒன்றைத் தாண்டவே கூடாது. உடனே காரை எடுத்துவிட்டாள்.

புனிதவதி கத்தியைக் கீழே வைத்தாள். "வீட்டுக்குப் போனேன் தங்கச்சி. கதவத் தொறக்கவே பயந்தாங்க. ஒருத்தியா உக்காந்து ஓட்டப் பத்திக் கேட்டா போலீஸ் கேக்குற மாதிரி இருக்காம். எல்லாரும் ஒண்ணா இருந்தா சொல்றோம்னாங்க. அதான் ஞாயித்துக்கிழமை அன்னதானத்துல, எல போட்டு உக்காந்தப்ப கேட்டேன். இந்தப் பந்திக்கு நாலு வரி, எதிர்ப் பந்திக்கு அஞ்சு வரி."

"வரிசையாவா?"

"ஆமா. நாலு வரிக்காரங்க ரெண்டு, மூணுன்னு சொன்னாங்க. எதிர்ப் பந்தியில மொத ஆளு இராஜம்மாக்கா. கண்ணுல புரை, படிக்க முடியாது. நாந்தான் வாசிச்சேன். அது வெள்ளந்தி. 'அஞ்சும்தான் புள்ள'ன்னு சத்தமாச் சொல்லிருச்சு."

தனுஜா கண்களை மூடிக்கொண்டாள். ஐந்துக்கு ஐந்து என்றால் ஒளிய இடமில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் யாரும் உரக்கச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் தனியாகக் கேட்கச் சொன்னாள்.

"அந்நேரம் காளியண்ணன் சாம்பார் வாளியோட அங்கதான் நிக்கிறாரு. இங்க கட்சிக் கிளைத் தலைவரு, அரிசிப் பை குடுத்ததே அவருதான். தாமான் குடியிருப்புல புது வீட்டுக்குப் பேரு எழுதி மேல அனுப்புறதும் அவருதான். கரண்டி அப்படியே நின்னுருச்சு. பக்கத்துல கண்மணி. நான் அட்டைய நீட்டக்கூட இல்ல. 'எனக்கும் அஞ்சு'ன்னா. அவளுக்குப் பக்கத்துல இருந்தவளும் அஞ்சு. கடைசி எல வரைக்கும் அஞ்சு."

"எல்லாரும் அப்படித்தான் ஓட்டுப் போட்டாங்களா?"

புனிதவதி சிரித்துவிட்டாள். "கண்மணி காளியண்ணன் கூடவே வீடு வீடா அரிசி தூக்குனவ லா! அவர் கட்சிய விட்டு அவ எங்க போவா? அந்தக்கா தனியா மாட்டிக்கக் கூடாதுன்னு சொன்னா. அவ்வளவுதான்."

அந்தச் சில வினாடிகளில் ஒருவரோடு ஒருவர் பேசாமல், தம் வீட்டையே பணயம் வைத்து ஒருத்தியைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அதைத்தான் தனுஜாவின் கணக்கு, மூன்றாம் டிவிஷன் முழுவதும் வாங்கித் தின்று ஏமாற்றியது என்று படித்திருந்தது.

மோட்டார் சைக்கிள் ஒன்று கோயில் முன்னால் வந்து நின்றது. புனிதவதி அவசரமாகப் பழங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். காளியண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றியபடியே பேச ஆரம்பித்தார்.

"என்னாம்மா, ரிசல்ட் வந்துருச்சாமே? வாங்கித் தின்னுட்டு வேற பக்கம் குத்துனாங்கன்னு நான் சொன்னா எவனும் நம்பமாட்டேங்கிறான். யுனிவர்சிட்டி எழுதிட்டா யாரு பேசுவா? ஒரு காப்பி குடு. வீட்டுக்குப் பேரு அனுப்புறதுக்கு முன்னால மேல காட்டணும்."

"இந்தத் தோட்டத்து ரிசல்ட் செல்லாது தலைவரே. ஆய்வுலேருந்து எடுக்கப் போறேன்."

சொன்ன பிறகுதான், அதை முடிவு செய்துவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. இதை எடுத்தால் மிச்சத்தில் ஒன்றும் நிற்காது. திங்கட்கிழமை கொடுக்க ஒன்றுமிருக்காது.

"ஏன் செல்லாது? என் காதாலயே கேட்டேன். வரிசையா அஞ்சு அஞ்சுன்னாளுங்க."

"கண்மணி அக்காவும் அஞ்சுன்னாங்களே. அவங்க உங்களுக்குப் போடலன்னு நம்புறீங்களா?"

"கண்மணியா?" அவர் முகம் சுருங்கியது. "சேச்சே. அவ நம்ம ஆளு."

"அப்போ ஒரு பதில் நெசமில்லன்னு நீங்களே சொல்றீங்க. ஒருத்தர் சொன்னதக் கேட்டு அடுத்தவங்க சொன்ன பதில் அது. எது நெசம், எது இல்லன்னு பிரிக்க எந்தக் கணக்குலயும் வழியில்ல."

"மொதல்ல சொன்னது இராஜம்மா. அது யாரையும் கேட்டுச் சொல்லல."

அவர் சொன்னது சரிதான். "கடைசி வரைக்கும் எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க, தலைவரே. ஒருத்தர மட்டும் எடுத்து நிறுத்தறதுன்னா அது நீங்க செய்யிறது. என் ஆய்வு அதச் செய்யாது."

அவர் தலைக்கவசத்தை வண்டியில் மாட்டினார். "உன் படிப்பு என்னாகும்?"

உள்ளே மணி அடித்தது. காளியண்ணன் செருப்பைக் கழற்றி, கழுத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தீபாராதனைக்குப் போனார். அவர் என்ன முடிவு செய்தார் என்பது அவர் முதுகில் தெரியவில்லை. அம்மன் முன்னால் நிற்கும் நேரமாவது அவர் மனம் இளகட்டும் என்று தனுஜா வேண்டிக்கொண்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து, 'சார், ஒரு தோட்டத்தை நீக்க வேண்டும். முடிவு நிற்காது' என்று பேராசிரியருக்கு அனுப்பி, அதை வாசலில் நிறுத்தியிருந்த கார் கூரைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பூசை முடிந்து முதலில் வெளியே வந்தது, சுவரைத் தடவிக்கொண்டே ஒரு மெலிந்த பெண்மணி.

"கணக்குப் பாக்குற புள்ளயா? நாந்தான் இராஜம்மா. கைய நீட்டு, சுண்டல்." தொன்னையில் இருந்ததைத் தனுஜாவின் இரு கைகளிலும் கொட்டினாள். "உனக்குப் புண்ணியமாப் போவும்மா. அரிசிய வாங்கிட்டு மாத்திக் குத்துனதுலேருந்து ஆத்தா மொகத்த நிமுந்து பாக்க முடியல. நாந்தான் ஒருத்தி, பாவின்னு நெனச்சிருந்தேன். அன்னைக்குப் பாத்தா எல்லாரும் அதத்தான் செஞ்சிருக்காளுங்க! கண்மணிகூட!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ கேக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நெசந்தானேம்மா?"

கோயில் வாசலில் கண்மணி சட்டென்று நின்று, தனுஜாவையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் காளியண்ணன், நெற்றியில் ஈரத் திருநீற்றோடு. கார் கூரைமேல் கைப்பேசி அதிரத் தொடங்கி, தகரத்தின் சரிவில் மெல்ல மெல்ல நகர்ந்தது. தனுஜாவின் இரண்டு கைகளிலும் சூடான சுண்டல் நிறைந்திருந்தது.