எல்.பி. நகர் வரைக்கும்

பஸ் கிளீனர் ஒவ்வொரு பெர்த்தின் திரையாக விலக்கி, “நார்கட்பள்ளி, டீ, டீ” என்று கத்திக்கொண்டு பின்பக்கம் வந்து சேர்வதற்குள் பூர்ணா போர்வையை அப்பாவின் மோவாய்வரை இழுத்துவிட்டாள். அவருடைய கண்கள் பாதி திறந்திருந்தன. தலையைக் கோதிவிடுகிறவள்போல உள்ளங்கையை அவற்றின்மேல் வைத்து மூடினாள்.

“தாத்தாக்கு சாய்?”

வேண்டாம், தூங்குகிறார் என்று தெலுங்கில் சொன்னாள். திரை மறுபடி விழுந்தது.

அப்பா ஜெகநாதனின் இருதயம் உள்ளே வருகிற ரத்தத்தில் கால் பங்கைத்தான் வெளியே தள்ளுகிறது என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நல்ல இருதயம் பாதிக்கு மேல் தள்ளும். மிச்சம் தங்கி, தேங்கி, நுரையீரலில் நீராகச் சேர்ந்துகொள்ளும். படம் போட்டு விளக்கிய டாக்டரிடம் அவர் வால்வைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, “அப்ப மல்காஜ்கிரி வீட்டுக்கே போயிடலாம். சொந்தக் கட்டில்ல படுத்துக்கறேன்” என்றார். ரயிலில் காத்திருப்புப் பட்டியல் நகரவே இல்லை. பஸ்ஸில்தான் இடம் கிடைத்தது. கோயம்பேட்டில் படியேறும்போது மூச்சு வாங்க நின்று, “லாலாகூடா ஒர்க்‌ஷாப்ல ஆயுசு பூரா ரயில் பெட்டிக்குச் சக்கரம் மாட்டினேன். இப்ப டயர்ல போறேன் பாரு” என்று டிரைவரைச் சிரிக்க வைத்தார்.

நார்கட்பள்ளிக்கு முன்னாலேயே, மிரியாலகூடா தாண்டி வெளிச்சம் வந்தபோது பூர்ணா மாத்திரைக்காக அவரை எழுப்பினாள். வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பஸ் முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்ததில் அவள் விரலிலும் அதிர்வு, அவர் கையிலும் அதிர்வு. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. செல்போனின் கண்ணாடியை மூக்கருகே பிடித்தாள். ஆவி படியவில்லை. இன்னொரு தடவை பிடித்தாள். படியவில்லை.

கத்துவதற்குத் திறந்த வாயை அவளேதான் மூடிக்கொண்டாள். ரயிலில் ஒருவர் இறந்துபோனால் என்ன நடக்கும் என்று அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார். அடுத்த பெரிய ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். ரயில்வே போலீஸ் வரும். பிறகு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிணப் பரிசோதனை. கூட வந்தவர்கள் தெரியாத ஊரில் வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரோடு வேலை பார்த்த ஒருவரைக் காஜிப்பேட்டையில் அப்படி இறக்கிவிட்டு, மூன்றாம் நாள்தான் வீட்டுக்குக் கொடுத்தார்களாம். “அறுத்து, தைச்சு, மூட்டையாட்டம்” என்று அவர் சொன்னபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு உலகத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். இறங்க வேண்டிய எல்.பி. நகர் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அங்கிருந்து உப்பல் வழியாக வீடு அரைமணி. அப்போதுதான் நடந்ததுபோலச் சொல்லிவிட்டால் யாரும் நடுவழியில் இறக்க முடியாது.

டீ குடித்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். பஸ் நகர்ந்ததும் போன் வந்தது. அம்மா.

“ஏண்டி, எங்க வரீங்க?”

“நார்கட்பள்ளி தாண்டறோம்மா.”

“அப்பா காதுல போனை வை.”

“தூங்கறாரும்மா.”

“ஹவ், ஆமா, தூங்காம? ராத்திரி பூரா டிரைவருக்கு பிரேக் எப்படிப் போடறதுன்னு கிளாஸ் எடுத்திருப்பாரு. நக்கோ, எழுப்பாத. உப்பில்லாம உப்புமா கிண்டி வச்சிருக்கேன், மூஞ்சியச் சுளிச்சுட்டே திங்கட்டும். சீக்கிரம் வாங்க.”

“சரிம்மா.”

போர்வைக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சவுட்டுப்பல், சுங்கச்சாவடி, ஹயாத்நகர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் பையை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். யாரோ ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு வைத்திருந்தார். ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டபோது அப்பாவின் தலை அவள் தொடைப்பக்கம் சாய்ந்தது. நேராக்கி வைத்தாள்.

எல்.பி. நகரில் முன்பக்கம் போய் டிரைவர் அப்துல் காதரிடம் சொன்னாள். ஆம்பூர்க்காரர். “அண்ணே, அப்பாவை எழுப்பறேன், எழுந்திருக்கல. இப்பத்தான்…”

அவர் கைபிரேக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பாலத்துக்கு அடியில் நின்ற ஆம்புலன்ஸை அவரே கூப்பிட்டார். வந்த ஆள் போர்வையை விலக்கி, கழுத்தில் விரல் வைத்து, டார்ச்சால் கண்ணைப் பார்த்தான். பிறகு அக்குளில் கைவைத்தான்.

“ஒள்ளு வெச்சகா உந்தம்மா” என்றான். உடம்பு சூடாக இருக்கிறது. “இப்புடே போயாரு.” இப்போதுதான் போயிருக்கிறார்.

அவள் சொல்லிவைத்த பொய்யைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். பூர்ணா திரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன் ராத்திரி முழுவதும் சார்ஜில் கிடந்தது. கையில் எடுத்தபோது சுட்டது. சூடான கண்ணாடியில் மூச்சு இருந்தாலும் படியாது.

“நார்கட்பள்ளியில நல்லா இருந்தாராம்மா?” என்றார் அப்துல் காதர்.

“தூங்கிட்டிருந்தார்.”

“நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நாம டீக்கு நின்னோமே, அந்த ரோட்டு மேலயே பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸோட உள்ள விட்டிருப்பேன்.”

“பஸ்ல இப்படி ஆச்சுன்னா… வழியில இறக்கி விடுவீங்களாண்ணே?”

“எங்கம்மா இறக்கறது? இது என்ன ரயிலா, ஸ்டேஷன்ல போலீஸ் வந்து வாங்கிக்க?” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். “இங்க பாருங்க. இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னாடி. கரெக்டா இதுக்குக் கீழ. ஏசி மேல ஊதும், அடியில பலகை சுட்டுக்கிட்டே இருக்கும். இதுல எது படுத்தாலும் சூடாத்தான் இருக்கும். அந்தாளு என்ன டாக்டரா? விடுங்க.”

பலகையில் கை வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. இவ்வளவு நேரமும் அதன்மேல் அப்பாவும் படுத்திருந்தார்.

நடைபாதை ஒருவர் பக்கவாட்டில் போகிற அகலம்தான். ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. அப்துல் காதர் அக்குளில் கை கொடுக்க, ஆம்புலன்ஸ்காரன் முழங்காலைப் பிடிக்க, ஜெகநாதனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறங்க வேண்டியவர்கள் பெர்த்துகளுக்குள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

பூர்ணா மட்டும் பைக்காகத் திரும்பி வந்தாள். இன்ஜினை இன்னும் அணைக்கவில்லை. எதிர்ப்பக்கக் கடைசி பெர்த் மிரியாலகூடாவிலிருந்தே காலி. அதுவும் அதே இன்ஜின் மேல்தான், அதே மெத்தைதான். அதைத் தொட்டால், ஆள் இல்லாத மெத்தை எவ்வளவு சுடும், அப்பாவின் சூடு அவருடையதா பலகையுடையதா என்று தெரிந்துவிடும்.

அந்த பெர்த்தின் திரை ஓரத்தைப் பிடித்தாள்.

மேலே ஒரு வளையம் கம்பியிலிருந்து கழன்று தொங்கியது. எக்கி நின்று அதை மாட்டினாள். திரையை முழுவதுமாக இழுத்து மூடினாள். பிறகு குனிந்து அப்பாவின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.