ஒவ்வொண்ணா சொல்லுங்க சார்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் மிச்சப் பல்லும் இப்போதே உதிரட்டும்.

என் பேத்தியை வீட்டில் சுண்டு என்போம். புத்தி கொஞ்சம் நிதானம். ஒரு வேலை சொன்னால் சுத்தமாகச் செய்வாள். நாலு வேலையை ஒரே மூச்சில் சொன்னால், முதலாவதை முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான் விஷயம். பக்கத்தில் உட்காரும் தோழி முழங்கையால் இடித்து அடுத்ததைச் சொல்வாள், வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் அதற்குக் காப்பியடிப்பது என்று பெயர் வைத்து இருவரையும் பிரித்தார். வண்டி நின்றது.

"இது தேறாது. திங்கக்கிழமைலேருந்து கடைசி ரூமுக்குப் போகட்டும்" என்றார்.

கடைசி அறை என்பது உடைந்த பெஞ்சுகளையும் இவளைப் போன்ற பிள்ளைகளையும் சேர்த்துப் போட்டுவைக்கும் இடம்.

மறுநாள் சுண்டுவை வாசலில் நிறுத்திவிட்டு, வாத்தியார் வழக்கம்போல் பொழிந்தார்: "எந்திரிங்க, நோட்ட எடுங்க, வரிசையா நில்லுங்க, வெளிய போங்க!"

வகுப்பே எழுந்தது. அப்படியே நின்றது.

"என்ன, காதுல பஞ்சா?"

"எந்திரிச்சாச்சு சார். அடுத்தது?" என்றாள் தோழி.

"நக்கலா?"

"இல்ல சார். ஒவ்வொண்ணா சொல்லுங்க. சுண்டுவுக்கு எப்படியோ, எங்களுக்கும் அப்படித்தான்."

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஓடி வந்தார். "கோவம் வேண்டாம் கண்ணுங்களா. மூச்ச நல்லா உள்ள இழுங்க..." என்றவருக்குப் புரையேறிவிட்டது. அடுத்தது வரவில்லை.

பிள்ளைகள் இழுத்தார்கள். ஜன்னல் திரை, சாக்பீஸ் தூள், வாத்தியாரின் டோப்பா எல்லாம் காற்றோடு பறந்தன. கன்னம் உப்பியது, வயிறு உப்பியது, கால் தரையை விட்டது. மொத்த வகுப்பும் மேலே போய் மின்விசிறியைச் சுற்றி மிதந்தது.

"எறங்குங்க, உக்காருங்க, மூச்ச விடுங்க!" என்று அலறினார் வாத்தியார். வயிறு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது? முதல் கட்டளையிலேயே எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.

சுண்டு உள்ளே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சமா மூச்ச விடுங்க."

காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

இலை உதிர்வதுபோல் வகுப்பு இறங்கியது.

"இப்ப உக்காருங்க."

தலைமையாசிரியை டோப்பாவைப் பொறுக்கி வாத்தியார் கையில் கொடுத்தார். "இவ எங்கயும் போக வேண்டாம். பேசக் கத்துக்க வேண்டியது நீங்கதான்" என்றார். தோழி நகர்ந்து இடம்விட்டாள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மிச்சப் பல்லும் உதிர்ந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து சுண்டு கடைசி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.