கலெக்டர் சாப்பிட்டாரா?

கலெக்டர் என்றால் நிஜக் கலெக்டர் இல்லை, பூனை. ஒவ்வொரு அறையாக நுழைந்து, மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்து, ‘எதுவும் சரியில்லை’ என்ற மூஞ்சியோடு வெளியே போவார். அதனால் வந்த பெயர். அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது பிழிந்து போட்ட துணி மாதிரி பீரோவுக்கு அடியில் கிடந்தார்.

கிட்னிக் கோளாறு. டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“அட்மிட் பண்ணினா நான் பக்கத்துலயே வெச்சுப் பார்த்துக்குவேன். ஆனா போன தடவை கூண்டுல பயந்தே பாதி உயிர் போயிடுச்சு இவனுக்கு. தானா சாப்பிடுற வரைக்கும் வீட்டுலயே சலைன் ஏத்திப் பார்க்கலாம். சாப்பாட்டை நிறுத்திட்டான்னா யோசிக்கவே யோசிக்காதீங்க, தூக்கிட்டு ஓடி வாங்க. ஈரலும் சேர்ந்து கெட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

ஆக, வீடா ஆஸ்பத்திரியா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தச் சாப்பாட்டுத் தட்டு.

வீட்டில் இருப்பது அக்காவும் தம்பியும்தான். அக்கா தையல்கடைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். மதியத்துக்கு மேல்தான் அவனுக்கு வேலை. காலைச் சாப்பாடு அவன் பொறுப்பு, சாயங்காலம் அவள் பொறுப்பு. நடுவில் போன்.

“சாப்பிட்டாரா?”

“ஓ! தட்டையே நக்கிட்டார்.”

அக்காவுக்கு நிம்மதி ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். அவள் வைத்தால் மட்டும் கலெக்டர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார். “ஏன்டா, என் கையில என்ன விஷமா இருக்கு?” என்று கெஞ்சினாள், கொஞ்சினாள், திட்டினாள். ஊஹூம்.

தம்பியிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்தக் கூண்டில், நாய்க் குரைப்புக்கு நடுவில், கலெக்டர் தன்னைத் தேடித் தேடியே கண்ணை மூடிவிட்டால்? காலையில்தான் தம்பி கையால் மூக்குமுட்டத் தின்றிருக்கிறாரே, ஒரு வேளை விட்டால் குடியா முழுகிவிடும்? மீன் மசியலைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்தாள். “சாப்பிட்டாச்சுடா” என்று போனில் சொன்னாள். மறுநாளும் அதே கதை.

அதற்கு அடுத்த நாள் தொட்டிக்குள் கையை விட்டபோது ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது. தம்பி கிரீஸ் துடைக்கிற பழைய துணி. பிரித்துப் பார்த்தாள். உள்ளே மீன் மசியல். வாய் வைத்த அடையாளமே இல்லை.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், உண்மையைச் சொல்லு. காலையில சாப்பிட்டாரா?”

“நீதான் சாயங்காலம் நல்லா சாப்பிடுறார்னு சொன்னியேக்கா. காலையில சாப்பிடலன்னு தெரிஞ்சா நீயும் பட்டினி கிடப்பே. அதான்…”

“அடப்பாவி! நானும் பொய்தாண்டா சொன்னேன்!”

நல்ல அக்கா, நல்ல தம்பி! இவள் அவனுக்கு மறைக்க, அவன் இவளுக்கு மறைக்க, நடுவில் வாயில்லாத ஜீவன் பட்டினி கிடந்திருக்கிறது.

அவனுக்காகக் காத்திருக்கவில்லை. கலெக்டரைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கனமே இல்லை. அதுதான் அவளை அழவைத்தது. தம்பி வேலை உடுப்போடு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டான்.

“கடைசியா எப்ப சாப்பிட்டான்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“தெரியாது டாக்டர்.” அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். கூண்டுக் கதவைச் சாத்தினார். “கிளம்புங்க. நீங்க நின்னா அவன் உங்களையே பார்த்துட்டிருப்பான்.”

மறுநாள் முழுக்க இருவரும் வேலைக்குப் போகவில்லை, ஒழுங்காகப் பேசிக்கொள்ளவும் இல்லை. சாயங்காலம் போன் அடித்தது.

“தானா கொஞ்சம் சாப்பிட்டான்மா.”

“உங்க கண்ணால பார்த்தீங்களா டாக்டர்?”

“பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். கண்டம் இன்னும் தாண்டல. ஆனா சாப்பிட்டான்.”

அக்கா திரும்பினாள். தம்பி எதிரிலேயே நின்றிருந்தான்.

“சாப்பிட்டாராம்டா.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். “சத்தியமா?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. “நீயே கேளு” என்று போனை அவன் காதில் வைத்தாள்.