அவிழாத நான்கு தெப்பங்கள்

மாலை ஐந்தரை மணிக்கு, தான் செய்த வேலை தன் தலையிலேயே விடிந்திருப்பது ஏரிக்கரை முகாமில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் அவளுக்குத் தெரிந்தது.

முகாமுக்கு வந்த முப்பத்திரண்டு பிள்ளைகளும் மதியம் நான்கு தெப்பங்கள் கட்டி ஏரியில் விட்டார்கள். பீப்பாய், கட்டை எல்லாம் இருந்தன; கயிறு மட்டும் போதவில்லை. மாலையில் இருட்டு நடை விளையாட்டுக்காகக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் கட்டவேண்டிய நான்கு நீளக் கயிறுகளை எடுத்து நீட்டினாள். ஐந்து மணிக்கு அவிழ்த்துக்கொண்டால் ஆயிற்று என்று கணக்கு.

கயிறோ நனைந்து ஊறி, முடிச்செல்லாம் கல்லாகிக் கிடந்தது.

“அக்கா, நீங்கதானே உசிரே போனாலும் அவிழக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்க?” என்றாள் ஒரு குட்டி. மதியம் மூன்று முறை தண்ணீரில் விழுந்ததால் அவளுக்கு வாத்து என்று பெயர் வந்திருந்தது.

“சொன்னேன்மா. இவ்வளவு நல்லா கேட்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

முகாம் மேலாளர் படியிறங்கி வந்தார். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன்தான். வீட்டில் மாமா, முகாமின் கேட்டைத் தாண்டினால் சார். கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி இருட்டில் நடக்கும் விளையாட்டு அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ‘கூடத்தில் படம் போட்டால் யாருக்கும் கால் சுளுக்காது’ என்பது அவர் கட்சி. அவள் மல்லுக்கு நின்று இந்த ஒரு மாலையை வாங்கியிருந்தாள். இன்று சொதப்பினால் அடுத்த வாரத்திலிருந்து எல்லா மாலையும் படம்தான்.

“ஏழு மணிக்குக் கயிறு கட்டியாகணும். இல்லன்னா படம்” என்றார்.

“கட்டிடுவேன் சார்.”

“எதை வச்சு? கத்தியால வெட்டி எடு.”

“வெட்டினா துண்டு துண்டாப் போயிடும். பாதை பாதியிலேயே நின்னுடும்.”

“அப்ப விட்டுடு.”

“விடமாட்டேன் சார்.”

அவர் முறைத்துவிட்டுப் போனார். அவள் உட்கார்ந்து ஒரு முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். நகம் உடைந்ததுதான் மிச்சம். ஒரு தெப்பத்துக்குப் பன்னிரண்டு முடிச்சு. தனியாளாக உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். பிள்ளைகளோ ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்து, இறுகியதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் கையை எடுங்க!” அவள் எழுந்தாள். இருட்டு நடைக்கு வைத்திருந்த கறுப்புத் துணிகளை அள்ளி வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். “கண்ணைக் கட்டிக்கோங்க. கண்ணால பார்த்தா இழுக்கத்தான் தோணும். யாரு எந்த முடிச்சைப் போட்டீங்களோ அதையே தடவிக் கண்டுபிடிங்க. கடைசியாச் சுத்தின சுத்து எதுன்னு விரல் சொல்லும். அதை இழுக்காதீங்க, உள்ளே தள்ளுங்க. எந்தத் தெப்பம் முதல்ல அவிழுதோ, அவங்கதான் காட்டுல முன்னாடி நடப்பாங்க.”

போட்டி என்றதும் ஏரிக்கரை சந்தைக்கடையானது.

“டேய், அது என் கைடா!”

“உன் கையா? கயிறுன்னு நினைச்சுக் கடிக்கப் பார்த்தேன்.”

ஆறேகாலுக்கு முதல் தெப்பம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு இரண்டாவது. அவள் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடினாள், இடுப்புயரத்தில் மரத்துக்கு மரம் கட்டினாள், திரும்ப ஓடிவந்தாள். மூன்றாவதும் ஆயிற்று. நான்காவது தெப்பத்தில் ஒரே ஒரு முடிச்சு அடம்பிடித்தது. அது வாத்து போட்டது.

ஏழு அடித்தது. மேலாளர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே வந்தார்.

“நேரம் முடிஞ்சுது. பசங்களா, எல்லாரும் கூடத்துக்கு வாங்க. படம் போடப்போறோம்.”

யாரும் அசையவில்லை. மற்ற மூன்று குழுவும் நான்காவது தெப்பத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன.

“சார், கண்ணு கட்டியிருக்கு. படம் தெரியாது” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். கரையே சிரித்தது.

“பத்து நிமிஷம் சார்” என்றாள் அவள்.

“சொன்னது ஏழு மணி.”

“சொன்னதுதான், நான் தவறிட்டேன். நீங்க படத்தைப் போடுங்க, வர்றவங்க வரட்டும். நான் இதை முடிக்காம நகரமாட்டேன்.”

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். கூடத்தில் விளக்கு அணைந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வாத்து உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை உள்ளே தள்ளினாள். வாத்தின் அருகில் அவள் மண்டியிட்டாள், கை கொடுக்கவில்லை.

“அக்கா... நகருது.”

“தள்ளு.”

“நகருதுக்கா!”

முடிச்சு வாய் திறந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஏரிப் பறவைகள் கிளம்பின. அவள் கயிற்றை உருவிக்கொண்டு ஓடினாள்.

கடைசி மரத்தில் கட்டும்போது மறுமுனை தளர்ந்து நழுவியது. யாரோ அதை இழுத்துப் பிடித்தார்கள். திரும்பினாள். மேலாளர்.

“படம் என்னாச்சு சார்?”

“சமையல்காரர் மட்டும் உட்கார்ந்து பார்க்கிறார். முன் வரிசையில.” அவர் கயிற்றை இறுக்கினார். “எந்த மரத்துல கட்டணும்?”

“அந்தச் சாய்ஞ்ச மரத்துல. இடுப்பு உயரத்துக்கு.” அவள் நேராகவே கேட்டாள். “அடுத்த வாரம்?”

“அடுத்த வாரம் தெப்பத்துக்கு வேற கயிறு வாங்கிக்க. இதைத் தொடாதே.”

“சரி மாமா” என்றாள் அவள், முகாமுக்குள் என்பதையே மறந்து. அவரும் திருத்தவில்லை.