வெயில் வரும்வரை திறக்காத கதவு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண், "யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க" என்று போனில் கத்திக்கொண்டு வந்தாள். திருடன்தான் வந்துவிட்டானோ என்று காதைத் தீட்டினேன். கீரைக்காகவாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சூரியன் அந்தப் பெண்களின் வாழ்வில் ஒளியேற்றி—'

வேண்டாம். இது திறப்புவிழாப் பேச்சு.

2

மகளிர் குழுவில் அந்தப் பெண்ணுக்குச் சாவிக்காரி என்று பெயர். சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிரறை அவள் பொறுப்பு. பறித்த கீரையையும் பீன்ஸையும் பெண்கள் பெட்டி பெட்டியாக அவளிடம் ஒப்படைத்துவிட்டு, நல்ல விலை வரும்வரை நிம்மதியாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் எழுதினேன். வானம் மூடிக்கொண்டால் போதும், ஆளாளுக்கு வந்து தன் பெட்டியை எட்டிப் பார்ப்பார்கள். கதவைத் திறக்கத் திறக்கக் குளிர் வெளியே போகும். வெயில் இல்லாத நாளில் போன குளிர் திரும்பாது. போன தடவை எல்லாருடைய கீரையும் அழுகியது இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான். (தூங்குகிறதா என்று குழந்தையைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதுபோல.)

3

அதனால் இந்தத் தடவை வெயில் வரும்வரை திறப்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. மறுநாளே வந்து நின்றவள் சாவிக்காரியின் ஓரகத்தி.

"ஒரே ஒரு தடவை திறங்கக்கா. பாத்துட்டுப் போயிடறேன்."

"பாத்து என்ன பண்ணப் போற?"

"மனசு ஆறும்."

"உனக்கு ஆறும். உள்ள சூடாகும்."

ஓரகத்திக்கு முகம் சுண்டிவிட்டது. "சாவி உங்க கையில இருக்கு. நீங்க திறந்து பாக்கலைன்னு நான் எப்படி நம்பறது?"

[இவளை வெறும் சந்தேகப் பிராணியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இந்த விளைச்சல் போனால் நாளைக்கே கூலி வேலைக்குப் போக வேண்டியவள் அவள். பாவம், பயப்படாமல் என்ன செய்வாள்?]

சாவிக்காரியின் பெட்டியும் உள்ளேதான் இருந்தது. அவளும் உள்ளே பார்க்கவில்லை. சத்தியம் செய்யலாமா என்று யோசித்தாள். பிறகு சாவியை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. எல்லார் பெட்டியும் இனி உன் பாடு."

4

முடிவு ஒன்று: ஓரகத்தி திறக்கிறாள், குளிர் போய், கீரை—

முடிவு இரண்டு: வெயில் வருகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நான் நம்புவது இதைத்தான். சாவியோடு ஓரகத்தி குளிரறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்க்க வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். கடைசியாக நான் போனேன். உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியாமல் கதையை எப்படி முடிப்பது என்று கெஞ்சினேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நிற்கும் உங்களைப் பார்த்தாள்.

"வெயில் வரட்டும். போறப்ப இவங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.