எட்டாம் தட்டில் மாஇஞ்சி

மாணவிகள் அவளை வேரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் சீசா கழுவும் உதவியாளர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்முறைத் தேர்வுக்கு வேர் தேடிக் கொண்டுவருவது அவள்தான். முழங்கால் சேற்றில் இறங்கி, சேற்றுக்கு மேலே மூக்கை நீட்டி மூச்சுவிடும் சதுப்புநில மரத்தின் வேரை வெட்டி எடுப்பாள். மரத்தில் ஏறி, காற்றிலிருந்தே ஈரம் உறிஞ்சும் ஆர்க்கிட் வேரை நோகாமல் பிரித்தெடுப்பாள். எல்லாவற்றையும் தட்டில் வைத்து எண் ஒட்டி முடித்தால் பேராசிரியர் வந்து "ம்" என்பார். அந்த "ம்"முக்குத்தான் இத்தனை பாடு.

இந்த வருஷம் தேர்வு எழுதுகிறவர்களில் அவள் மகளும் ஒருத்தி. முழு மதிப்பெண் வாங்கினால் உதவித்தொகையோடு மேற்படிப்பு. ஒன்று குறைந்தாலும் படிப்பு அதோடு சரி. தட்டுகளில் என்னென்ன வரும் என்று அம்மாவுக்கு முக்கால்வாசி தெரியும். ஆனாலும் மகளிடம் மூச்சுவிடவில்லை. மகளும் கேட்கவில்லை. ரோஷக்காரி என்று வேரக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

தேர்வன்று எட்டாம் தட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஇஞ்சிச் செடியின் வேர்களில் நுனி மட்டும் உருண்டையாகப் பருத்திருக்கும். உணவைச் சேர்த்துவைப்பதற்காக வந்த பருமன் அது. அதைக் காட்டத்தான் ஒவ்வொரு வருஷமும் செடியை முழுசாகத் தோண்டி எடுத்து வருவாள். இந்தத் தடவை, கல்லூரித் தோட்டத்தில் மாஇஞ்சிப் பாத்தி இருந்த இடத்தை வண்டி நிறுத்த ஒதுக்கிவிட்டார்கள். புதிதாக வந்த பேராசிரியர் கடையில் வாங்கி வைத்துவிட்டார். கடைக்காரன் வேரையெல்லாம் நறுக்கிப் போட்டுவிட்டுத்தானே விற்பான்? தட்டில் இருந்தது வெறும் மண்ணடித் தண்டு. கணு இருந்தது, கணுவில் முளையும் இருந்தது; வேரில் அதெல்லாம் இருக்காது. மேசையில் கிடந்த பேராசிரியரின் விடைக்குறிப்பிலோ 'நுனி பருத்த வேர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

தன் மகள் தண்டு என்றுதான் எழுதியிருப்பாள். சரியாக எழுதியதற்கே மதிப்பெண் போகப்போகிறது. தேர்வு முடிந்து மாணவிகள் வெளியேறியதும் வேரக்கா பேராசிரியரிடம் போனாள்.

"சார், எட்டுல இருக்கறது வேர் இல்ல சார். தண்டு."

"ஏம்மா, எனக்கே பாடம் எடுக்கறீங்களா? போய் உங்க வேலையப் பாருங்க."

வேறு நாளாயிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பாள். அன்று மனசு கேட்கவில்லை. தட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய், வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவின் முன்னால் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்க சொல்றது சரிதான் சார். தண்டுன்னு எழுதினவங்களுக்குத்தான் மார்க் போடணும்."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. வேரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் பேச்சு எடுபட்டது அன்றைக்குத்தான்.

தாள்கள் திருத்தி முடிந்ததும் பேராசிரியரே அவளைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு பேப்பரு. எல்லாமே சரி. எட்டுல மட்டும் வேர்னு எழுதியிருக்கு. நீங்க சொன்னபடி கழிச்சாச்சு. சந்தோஷம்தானே?"

மகள் மாடிப்படியில் காத்திருந்தாள். வேரக்கா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

"கணு கண்ணுக்குத் தெரியலையாடி உனக்கு?"

"தெரிஞ்சுது. தண்டுன்னு தெரிஞ்சுதான் வேர்னு எழுதினேன். அவரு வகுப்புல அப்படித்தான் நடத்தினாரு. மார்க் போடறது அவரும்மா, மாஇஞ்சி இல்ல. உன்ன யாரு வாயத் திறக்கச் சொன்னா?"

"உனக்காகத்தான்டி போய்ப் பேசினேன். நீ சரியாத்தான் எழுதியிருப்பேன்னு..."

"அந்த ரூம்ல எல்லாரையும்விட உனக்குத்தான் நிறையத் தெரியும். தெரிஞ்சு என்னம்மா ஆச்சு? இன்னும் சீசாதானே கழுவுற?" மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளையிலேருந்து நானும் வரேன். ரெண்டு பேருமாக் கழுவலாம்."